மூடிய சூளைக்கு எத்தனை பர்சென்ட்?

பழமலைநாதனின் பீங்கான் கொட்டகையில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். பக்கத்துக் கொட்டகைக்காரன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசலாம், கரண்டு ஆபீஸ்காரனைப் பற்றிப் பேசலாம், ஓட்டு கேட்டு வந்தவனின் பாட்டனைப் பற்றிப் பேசலாம். ஆனால் பற்ற வைத்த சூளையை எதிரில் வைத்துக்கொண்டு, இதில் இவ்வளவு தேறும் என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தொலைந்தது. சரக்கு எடுக்க மங்கலம்பேட்டையிலிருந்து வருகிற பாய்கூட “எப்பங்க தொறப்பீங்க?” என்று கேட்பாரே தவிர, எவ்வளவு தேறும் என்று கேட்க மாட்டார். யாராவது புது ஆள் தெரியாமல் கேட்டுவிட்டாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான். “தொறந்தா பாக்கலாம்.”

என்னய்யா இது மூட நம்பிக்கை என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். மாதக்கணக்கில் அச்சில் வார்த்து, காய வைத்து, பளபளப்புக்குப் பூச்சு பூசி, அத்தனையையும் உள்ளே அடுக்கி, வாசலைச் செங்கல்லால் அடைத்து மண் பூசி, தீ மூட்டிவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் வெளியில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் உங்களுக்கும் தன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கொட்டகையின் புழுதியில் வளர்ந்தவள்தான் அவர் மகள் கயல்விழி. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள், எரிகிற சூளையைப் பார்த்து ஆசை ஆசையாக “எல்லாம் நல்லா வந்துடும்ப்பா” என்றாள். பெற்றவள் ஆதிலட்சுமி அந்த வாய்மேலேயே பட்டென்று ஒன்று வைத்தாள். அன்றைக்கு ஏறியதுதான் இந்தப் ‘பாக்கலாம்’. சூளைக்கென்று சொல்லிக் கொடுத்தது போகப் போக எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. பரீட்சை எப்படி எழுதினாய் என்றால் பாக்கலாம். தோழி கல்யாணத்துக்கு வருவாயா என்றால் பாக்கலாம். பீங்கான் டிப்ளமோவில் முதல் வகுப்பு வாங்கியவள், ரிசல்ட் வருகிற காலையிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குள் இருக்கிறவரை இதனால் யாருக்கும் நட்டமில்லை. வேலை கேட்டு வெளியே போனபோதுதான் வினை வந்தது. மூன்று கம்பெனிக்குப் போனாள். “இந்த வேலையை உங்களால செய்ய முடியுமா?” என்று கேட்டார்கள். “பாக்கலாம் சார்” என்றாள். “எங்க கம்பெனிக்கு நீங்க எப்படிப் பயன்படுவீங்க?” என்றார்கள். “சேந்தா பாக்கலாம் சார்” என்றாள். ஆள் திமிர் பிடித்தவளா, ஆர்வமில்லாதவளா என்று அவர்களுக்கும் விளங்கியிருக்காது. கேட்ட கேள்விக்கெல்லாம் மரியாதையாகத்தானே பதில் சொன்னோம், ஏன் கூப்பிடவில்லை என்று இவளுக்கும் விளங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, குழம்பிப்போய் உட்கார்ந்திருப்பாள்.

இப்போது நாலாவது கம்பெனி. புதுச்சேரி ரோட்டில் புதிதாக எழும்பியிருக்கிற டைல்ஸ் கம்பெனி. பூச்சுக் கலவை தயாரிக்கிற லேபுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று பாலிடெக்னிக்குக்கே நேரில் வந்து எடுக்கப்போகிறார்கள். படித்து முடித்து ஒரு வருஷம் தாண்டியவர்களைத் தொடமாட்டோம் என்பது அவர்கள் சட்டம். கயலுக்கு அந்த வருஷம் முடியப்போகிறது. இதை விட்டால் இனி அவளைப் புதிதாகப் படித்து வந்தவள் என்று யாரும் கூப்பிடப்போவதில்லை.

விட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கொட்டகையில் ஒரு பலகை இருக்கிறது. அச்சிலிருந்து வந்த, கரண்டுப் பெட்டிக்குப் போகிற பீங்கான் ஃபியூஸ் கட்டையை மடியில் வைத்து, ஓரத்துப் பிசிறைச் சின்னக் கத்தியால் வழித்து வழித்து அடுக்க வேண்டும். வெள்ளை மண் மாவு பறக்கும். ஆதிலட்சுமி கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பலகையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பாயில் தலையைச் சாய்த்ததும் அவளுக்கு ஒரு இருமல் வரும். கயலுக்கு அந்தப் பலகை பிடிக்காது. பிடிக்காது என்று வாய்விட்டுச் சொன்னால் அம்மாவையே பிடிக்காது என்கிற மாதிரி ஆகிவிடுமே என்று அதையும் சொல்ல மாட்டாள். ஆனால் இந்த வேலை அவளுக்கு வேண்டும். வெறி மாதிரி வேண்டும்.

வேலைக்கு எடுக்க வருவதற்கு முன்னால், படித்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைகளுக்கு வேலைத்திறன் பயிற்சி என்று பாலிடெக்னிக்கில் இரண்டு வாரம் வகுப்பு வைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து ரீட்டா மிஸ் பஸ்ஸில் வந்து போனாள். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனுஷி. தொண்டை கட்டிப்போனாலும் வெந்நீரைக் குடித்துக் குடித்துச் சொல்லிக் கொடுப்பாள். அவள் சொல்லிக் கொடுத்ததுதான் கயலுக்குத் தலைகீழாக இருந்தது.

எதிரில் இருக்கிறவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம். இந்த ஊரில் பெரியவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசினால் “என்னா மொறைக்கிற?” என்பார்கள். உன்னைப் பற்றிச் சொல் என்றால் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் இழுக்கக் கூடாதாம். அப்படியானால் தன்னைப் பற்றி எங்கேயிருந்து ஆரம்பிப்பது? எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, உன் குறை என்ன என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில். நிஜக் குறையைச் சொல்லிவிடக் கூடாது. குறை மாதிரி ஒரு நிறையைச் சொல்ல வேண்டும். “எடுத்த வேலையை முடிக்காம எழுந்திருக்க மாட்டேன் சார், அதுதான் என் குறை” என்று சொல்ல வேண்டுமாம். கயல் இதை வீட்டில் சொன்னபோது ஆதிலட்சுமி மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“அது கொறையாடி? அப்ப நானு ஒடம்பு பூரா கொறதான்.”

இன்டர்வியூ ஒத்திகை நாளில் ரீட்டா மிஸ் மேனேஜராக உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டாள். கயல் முறை வந்தது. ஐந்து கேள்வி கேட்டாள், ஐந்துக்கும் பாக்கலாம் வந்தது. மிஸ் பேனாவை வைத்துவிட்டாள்.

“ஏன் கயல், எதைக் கேட்டாலும் பாக்கலாம்ங்கிற?”

கயலுக்கே அப்போதுதான் அது காதில் விழுந்தது. தட்டுத் தடுமாறி, கொட்டகை வழக்கத்தைச் சொன்னாள். கூட இருந்த ரெண்டு மூன்று சூளைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தலையாட்டினார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

“சரி. நான் நோயாளி, நீ டாக்டர். எனக்கு வயித்துல ஆபரேஷன். பொழைச்சுக்குவேனா டாக்டர்னு கேக்குறேன். நீ தொறந்தா பாக்கலாம்னு சொன்னா, நான் படுப்பேனா?”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கயலும் சிரித்தாள். சிரித்துவிட்டு, “ஆனா தொறந்தாதான மிஸ் தெரியும்?” என்றாள்.

“தெரியும். ஆனா கம்பெனிக்காரன் தொறக்குறதுக்கு முன்னாடிதான் உன்னை எடுக்கணும். எங்க சூளையில எவ்வளவு தேற வைப்பீங்கன்னு கேட்டான்னா, தொண்ணூத்தஞ்சு பர்சென்ட் நிச்சயமா வரும் சார்னு சொல்லு. உன்மேல உனக்கே நம்பிக்கை இல்லன்னா அவன் எங்க போவான்?”

“தெரியாததச் சொன்னா அது பொய்யில்லையா மிஸ்?”

“பொய் இல்ல, நம்பிக்கை.”

“எதுவரைக்கும் நம்பிக்கை மிஸ்? எங்கேர்ந்து பொய்யி?”

ரீட்டா மிஸ் வெந்நீரைக் குடித்தாள். “வேலை கெடைக்கிறவரைக்கும் நம்பிக்கைன்னு வெச்சுக்கோம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அது விளையாட்டுக்குச் சொன்னதா நிஜத்துக்குச் சொன்னதா என்று கயல் பஸ் ஸ்டாண்டு தாண்டி வீட்டுக்கு வருகிறவரை யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபடாவிட்டால் என்ன, மனப்பாடம் செய்துவிடலாம் என்று முடிவு செய்தாள். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த வழி அதுதானே. திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டே, குண்டானை மேனேஜராக நினைத்து, அதன் கண்ணைப் பார்த்து, “தொண்ணூத்தஞ்சு பர்சென்ட் வரும் சார்! நிச்சயமா வரும் சார்!” என்று சத்தமாகச் சொல்லிப் பழகினாள்.

அந்த நேரம் பார்த்தா பழமலைநாதன் வர வேண்டும்? மழை விட்டபிறகு போட்ட முதல் சூளை. பாய்க்கு வாக்குக் கொடுத்த ஃபியூஸ் கட்டை மொத்தமும் உள்ளே. வாசலை அடைத்து, தீ மூட்டி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு நேரே வந்து நிற்கிறார். மகள் வாயிலிருந்து பர்சென்ட் பர்சென்டாகக் கொட்டுகிறது.

“அடிப் பாவி!” என்றார். தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. “இப்பத்தான்டி பத்த வெச்சிட்டு வரேன்!”

ஆதிலட்சுமி ஓடி வந்தாள். துப்புடி துப்புடி என்று மகளைத் துப்ப வைத்தாள். உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் மூன்று பேரும் இருமிக்கொண்டு நிற்க, கயல் கண்ணீரும் மூக்குமாக விஷயத்தைச் சொன்னாள். நம் சூளையைப் பற்றி இல்லைப்பா, கம்பெனிச் சூளையைப் பற்றி, மிஸ்ஸு அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க, சொல்லாவிட்டால் வேலை தரமாட்டார்களாம்.

பழமலைநாதன் துண்டை எடுத்து உதறினார். அவருக்கும் குழப்பம்தான். மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அவளைப் படிக்க வைத்ததே அந்தப் பலகையில் உட்காரக் கூடாது என்றுதான். ஆனால் திறக்காத சூளைக்குக் கணக்குச் சொன்னால்தான் வேலை என்றால், அது என்ன மாதிரிக் கம்பெனி? நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்.

“தா பாரு பாப்பா. அவுங்க சூளைக்கு நீ என்னா வேணா சொல்லு. அவுங்க பாடு, அவுங்க சூளை பாடு. நம்ம சூளையப் பத்தி மட்டும் மூச்சு வுடாத.”

கயலுக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாள் தலைக்குள் கிடந்த சிக்கல் இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துபோன மாதிரி இருந்தது. அவர்கள் சூளைக்குச் சொல்லலாம். நம் சூளைக்குக் கூடாது. இதில் என்ன குழப்பம்?

வெள்ளிக்கிழமை சூளை திறப்பு. கம்பெனிக்காரர்கள் வருவதும் அதே வெள்ளிக்கிழமை. காலையில் கிளம்பும்போது, “நீ போயிட்டு வா. நான் தொறக்கறேன். வந்து ரெண்டயும் பேசிக்கலாம்” என்றார் பழமலைநாதன். நல்லா பண்ணு என்று சொல்லவில்லை. அதுவும் முன்கூட்டிச் சொல்கிற பேச்சுதானே.

பாலிடெக்னிக் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் தேவநாதன் என்ற மேனேஜர் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை, சட்டைப் பையில் ரெண்டு பேனா, அதட்டாத குரல். கயல் கண்ணைப் பார்த்தாள். அப்பா பெயர் இல்லாமல் தன்னைப் பற்றிச் சொன்னாள். நிறை மாதிரியான குறையைச் சொன்னாள். பூச்சு ஓட்டின்மேல் ஒட்டாமல் சுருண்டால் என்ன காரணம் என்று கேட்டார், தூசி, எண்ணெய்க் கை, கலவையில் களிமண் கூடுதல் என்று கடகடவென்று சொன்னாள். கடைசியாக, “எங்க சூளையில எவ்வளவு தேற வைப்பீங்க?” என்றார்.

“தொண்ணூத்தஞ்சு பர்சென்ட் வரும் சார். நிச்சயமா வரும் சார்.”

குண்டானிடம் சொன்னதைவிட நன்றாகவே வந்தது. தேவநாதனுக்குப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தவர், விண்ணப்பத்தில் கண்ணை ஓட்டினார்.

“அட, அப்பாவே சூளை வெச்சிருக்காரா? இப்ப ஏதும் எரியுதா?”

“எரிஞ்சி ஆறிடுச்சி சார். இன்னைக்குத்தான் தொறக்குறாங்க.”

“என்ன சரக்கு?”

“ஃபியூஸ் கட்டை சார்.”

“எவ்வளவு தேறும்?”

மனுஷன் சாதாரணமாகத்தான் கேட்டார். மடக்க வேண்டும் என்றெல்லாம் அவருக்கு எண்ணம் இல்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கயலுக்குப் பாக்கலாம் என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. சொன்னால் இத்தனை நேரம் சொன்னதெல்லாம் மனப்பாடம் என்று தெரிந்துபோகும். யாருடைய சூளைக்கோ தொண்ணூத்தஞ்சு, சொந்த அப்பன் சூளைக்குப் பாக்கலாமா என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? அப்பா சொன்ன வழியில் இந்த இடத்துக்குப் பதில் இல்லையே. மிஸ் சொன்னதிலும் இல்லை. தேவநாதனின் பேனா முனை காகிதத்தை நோக்கி இறங்குவது தெரிந்தது. அம்மாவின் இருமல் காதுக்குள் கேட்டது.

“எண்பத்தஞ்சு வரும் சார்” என்றாள்.

“நிச்சயமாவா?”

“நிச்சயமா சார்.”

தொண்ணூத்தஞ்சைச் சொல்ல வாய் கூசி, பத்தைக் குறைத்தால் பாவமும் அந்த அளவுக்குக் குறையும் என்று நினைத்தாளோ என்னவோ, அவளுக்கே தெரியாது. “குட். வீட்டுச் சரக்குமேல இந்த நம்பிக்கை இருக்கணும்” என்று தேவநாதன் எழுதிக்கொண்டார்.

மத்தியானம் ரீட்டா மிஸ் வராந்தாவில் ஓடி வந்து கயலைக் கட்டிக்கொண்டாள். உன்னைத்தான் எடுத்திருக்கிறார்கள், ஒண்ணாம் தேதி சேர வேண்டும் என்றாள். மிஸ்ஸின் கண்ணில் தண்ணீர். கயலுக்கும் வந்தது. சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெயிலில் கொட்டகையைப் பார்த்து நடந்தாள்.

நடக்க நடக்கப் படித்த படிப்பைத் துணைக்குக் கூப்பிட்டாள். சூளை என்றைக்கோ எரிந்து முடிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தபோது உள்ளே இருந்தது ஏற்கனவே ஆகிவிட்டிருந்தது. நல்லதோ கெட்டதோ, என் பேச்சு செங்கல்லைத் தாண்டி உள்ளே போய் என்ன செய்துவிடும்? சரியான பேச்சுதான். டிப்ளமோ வாங்கின பேச்சு. ஆனாலும் கால் வேகமாகவே போனது.

கொட்டகை வாசலில் சத்தமே இல்லை. நன்றாக வந்திருந்தால் அடுக்குகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே பழமலைநாதனும் ஆதிலட்சுமியும் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மார்பு உயரக் குவியல். வளைந்தது, வெடித்தது, பூச்சு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் ஒரு கூடையில் அடங்குகிற அளவுக்கு நல்லது.

“எவ கண்ணு பட்டுச்சோ” என்று ஆதிலட்சுமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கண்ணாவது மண்ணாவது. ஒரு பக்கம் சூடு ஏறிப்போச்சி” என்றார் பழமலைநாதன். மகளைப் பார்த்ததும் எழுந்தார். “போன காரியம் என்னாச்சி பாப்பா?”

“கெடைச்சிடுச்சிப்பா.”

பழமலைநாதன் அந்தக் குவியலை மறந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கயல் பார்த்து வருஷக்கணக்காகிறது. “கேட்டியாடி, பாப்பாவுக்கு வேல கெடைச்சிடுச்சாம்! போவட்டும் போ, இது போனா போவுது. சூளன்னா ஒண்ணு போவும் ஒண்ணு வரும்” என்றார். ஆதிலட்சுமி மாவுக் கையாலேயே மகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தச் சிரிப்பை வாங்கி வைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

“ப்பா. நம்ம சூளையப் பத்தியும் கேட்டாங்கப்பா.”

சிரிப்பு நின்றது. “எப்போ?”

“பத்து, பத்தரை இருக்கும்.”

பழமலைநாதன் சூளை வாசலைத் திரும்பிப் பார்த்தார். அதில் முதல் செங்கல்லை அவர் உருவியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. “நீ என்னா சொன்ன?”

“சொல்லிட்டேன்ப்பா. எண்பத்தஞ்சு வரும்னு சொல்லிட்டேன்.”

ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பழமலைநாதன் குவியலிலிருந்து, பூச்சு உருகி ஒட்டிப்போன இரண்டு கட்டைகளை எடுத்தார். பிரித்துவிடலாம் என்பதுபோல முறுக்கிப் பார்த்தார். அது வரவில்லை. திரும்பவும் முறுக்கினார்.

“சொல்லலைன்னா வேல குடுத்திருக்க மாட்டானா?”

“தெரியலைப்பா.”

“உம்.”

இன்னொரு தடவை முறுக்கிவிட்டு, அதைக் குவியல்மேல் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். கோபம் இருந்ததா, கேலி இருந்ததா, ரெண்டும் இல்லாமல் நிஜமாகவே கேட்டாரா, கயலுக்கு விளங்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.

“சொல்றதுன்னு ஆயிப்போச்சி” என்றார். “அப்பறம் என்னாத்துக்கும்மா எண்பத்தஞ்சு? நூறுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?”